கீழே ஓடுகிற ஏழு ஸ்வரங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கீபோர்டு வாசிக்கிறவர்களிடம் இரண்டு பாட்டைச் சேர்த்து வாசிக்கச் சொன்னால், "ரெண்டும் என்ன ராகம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாகஸ்வரமும் தேவாரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இயல்பு. கீழே ஒரே சுருதி நிற்கும், மேலே பாட்டு ஒற்றைக் கோடாகப் போகும். ராகம் பொருந்தினால் எல்லாம் பொருந்திய மாதிரிதான். ஜாஸ் பியானோக்காரர் கேட்பது வேறு: "இடது கை எங்கே போகுது?" கீழ் ஸ்வரங்கள் ஒரே வரிசையில் நகர்ந்தால், மேலே இரண்டு மெட்டும் ஒரே நேரத்தில்கூடப் போகலாம். அந்த வரிசை பொருந்தாவிட்டால், ராகம் ஒன்றாக இருந்தும் ஒட்டாது.

ஒட்டாததற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்களில் "சந்ததம் பாஹிமாம்" ஒன்று. மெட்டு இங்கிலாந்தின் தேசிய கீதம், ராகம் சங்கராபரணம். மேஜரில் அமைந்த ஏதோ ஒரு ஜாஸ் பாட்டும் சங்கராபரணம்தானே, சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள். தேசிய கீதம் மூன்றடி பாரில் (பார் என்றால் இத்தனை அடி என்று கணக்கிட்ட தாளக் கட்டம்), 6 பாரும் 8 பாருமாக மொத்தம் 14. ஜாஸ் பாட்டு பெரும்பாலும் நாலடி பாரில் 32. தேசிய கீதம் ஸட்ஜத்தின் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) தொடங்கி அடிக்கடி அங்கேயே திரும்பி வரும். பல ஜாஸ் பாட்டுகள் ஸட்ஜம் என்ற வீட்டுக்கு வெளியே தொடங்கி, கடைசியில்தான் உள்ளே வரும். இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

ஒட்டுகிற ஜோடிக்கு வருவோம். மேல்நாட்டு இசையமைப்பாளர் ஹாண்டெல் 1720-இல் வெளியிட்ட ஏழாவது ஸ்வீட்டின் (பல துண்டுகளைக் கோத்த தொகுப்பின்) கடைசிப் பகுதி பாஸகாலியா, ஒரே கீழ் வரிசை திரும்பத் திரும்ப வரும் வடிவம், ஜி மைனர். ஜோசப் கோஸ்மா 1945-இல் பாரிஸில் மெட்டமைத்த பாட்டு, ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்'. (ஆட்டம் என்றால் இங்கே இலையுதிர் காலம். கரகாட்டத்தோடு சம்பந்தமில்லை.) இரண்டுக்கும் நடுவே 225 வருஷம். கீழ் ஸ்வரங்களைப் பாருங்கள். ஜி-யை, அதாவது 5 கட்டையை, ச என்று வைத்துக்கொண்டால்:

ஹாண்டெல்: ச ம நி க த ரி ப ச
ஆட்டம் லீவ்ஸ்: ம நி க த ரி ப ச ச

நடபைரவி ராகத்தின் (மைனரின் ஸ்வரங்கள் இவைதான்) ஏழு ஸ்வரமும் ஒவ்வொரு முறை கீழே வந்துபோகிறது. ஒன்றிலிருந்து எண்ணினால் நாலாவது ஸ்வரம், அதிலிருந்து நாலாவது, அப்படியே. ஒவ்வொரு தாவலும் ஐந்து அரைஸ்வரம் (கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து, கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீ-க்கு நடுவே உள்ள தூரம் ஒரு அரைஸ்வரம்). த-விலிருந்து ரி-க்குப் போகும் இடம் மட்டும் ஆறு. அந்த ஒரு கோணல்தான் சக்கரத்தைத் திரும்பவும் ச-வுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏழு தாவலிலும் ஐந்தே அரைஸ்வரம் என்றால் வேறு ஊரில் போய் நிற்போம்.

வரிசை ஒன்று, எடுப்பு, அதாவது தொடங்கும் இடம், வேறு. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாம் பாரில் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. முதலில் பெரிதாக உறுத்தாது, ஜி மைனரும் சி மைனரும் உறவுக்காரர்கள். ஏழாம் பாரில் வெடிக்கும்: ஹாண்டெல் ப-வின் மேஜர் கார்டில் நிற்பார், கோஸ்மா அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். காகலி நிஷாதமும் (ச-வுக்கு அரைஸ்வரம் கீழே உள்ள நி) ஸட்ஜமும் நேருக்கு நேர் மோதும். தீர்வு எளிது. ஹாண்டெலை ஒரு பார் முன்னால், போன சுற்றின் எட்டாவது பாரில் எடுங்கள். அவருடைய ச அங்கே விழும், ம சரியாகச் சமத்தில், சுற்றின் முதல் அடியில், விழும். சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பு பழகியவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆட்டம் லீவ்ஸ் மெட்டே சமத்துக்கு மூன்று அடி முன்னால்தான் எடுக்கிறது: ச ரி க என்று மூன்று அடி, நீளமான த சமத்தில்.

அடுத்தது வேகம். ஹாண்டெலில் ஒரு கார்டுக்கு இரண்டு அடி, மற்றதில் நாலு அடி. மெட்ரோனோமில் ஹாண்டெலுக்கு 72 வைத்தால் ஆட்டம் லீவ்ஸுக்கு 144. அப்படி வைத்தால் ஒரு கார்டு நிற்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. ஹாண்டெலின் பதினாறாம் ஸ்வர ஓட்டம் (அடிக்கு நாலு) அப்படியே ஜாஸின் எட்டாம் ஸ்வரமாகிவிடும் (அடிக்கு இரண்டு). 80, 150 என்று காதுக்குப் பட்டபடி வைத்தால் மாறுகிற இடத்தில் தடுக்கும். மிருதங்கமோ தவிலோ உடன் இருந்தால், 144-இன் கணக்கில் ஒவ்வொரு எட்டுப் பாரும் ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம், முழுப் பாட்டு பதினாறு என்று சொல்லிவிடுங்கள். ஜாஸின் ஸ்விங் அசைவுக்குத் திஸ்ர நடை (அடிக்கு மூன்று) கேளுங்கள்: தகிடவின் முதல் இரண்டை ஒட்டி, மூன்றாவதைத் தனியாகத் தட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஹாண்டெலின் ஓட்டங்களை மட்டும் அசைக்க வேண்டாம். அவை சதுஸ்ரமாக நேராகப் போகட்டும். அதையும் அசைத்தால் கேலிச் சித்திரம் மாதிரி கேட்கும்.

இனி இடது கை. நாலு விரலையும் வைத்துக் கார்டை முழுசாக அழுத்துவது மெல்லிசை மேடைப் பழக்கம், இங்கே அது சேறு. ஒவ்வொரு கார்டிலும் இரண்டே ஸ்வரம் போதும், கார்டின் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவதும் ஏழாவதும். நடு சி-க்குக் கீழே உள்ள ஸ்தாயியில் வையுங்கள்:

கீழ் விரல்: த த ப ப ம ம க
மேல் விரல்: க ரி ரி ச ச நி ச

இதில் நி மட்டும் காகலி. கடைசி ச மட்டும் ஏழாவதல்ல, வீட்டு ஸ்வரம். ஒவ்வொரு பாருக்கும் ஒரே ஒரு விரல் ஒரு படி இறங்குகிறது. கடைசி மாற்றத்தில் மட்டும் இரண்டும் நகரும். இதைத் தனியாக நூறு முறை வாசித்தாலும் தகும். ஏனென்றால் கீழ் விரலின் த த ப ப ம ம என்பதுதான் ஆட்டம் லீவ்ஸ் மெட்டு நின்று நீளும் ஸ்வரங்களும்: ச ரி க என்று ஏறி த, மந்த்ர நி-யில் தொடங்கி நி ச ரி என்று ஏறி ப, மந்த்ர த-வில் தொடங்கி த நி ச என்று ஏறி ம. நீள ஸ்வரம் அப்படியே நிற்க, கீழே பாஸ், அதாவது அந்தக் கீழ் ஸ்வரம், நகர்கிறது. ம கார்டின் மேல் த நிற்கும்போது அது மூன்றாவது ஸ்வரம், மென்மை. அடுத்த பாரில் பாஸ் நி-க்குப் போனதும் அதே த ஏழாவதாகி, எங்காவது இறங்கத் தவிக்கிறது. வலது கை எதுவும் செய்யவில்லை. இந்தப் பாட்டின் உயிரே இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

சேர்ப்பதற்கான வாசலும் இதுதான். வலது கை அந்த நீள ஸ்வரத்தைப் பிடித்திருக்கும்போது இடது கை அதையே திரும்ப வாசிக்கத் தேவையில்லை. நீள ஸ்வரம் முழுப் பாரும், அடுத்த பாரின் முதல் அடியும் நிற்கும், ஆக ஐந்து அடி காலி. ஹாண்டெல் பாணி ஓட்டத்தை அங்கே வையுங்கள். வலது சுண்டுவிரல் த-வைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் ஒரு பாருக்கு எட்டு ஸ்வரம் ஓடி, அடுத்த பாரின் முதல் அடியில் அந்தப் பாரின் பாஸ் ஸ்வரத்திலேயே இறங்க வேண்டும். பிறகு மூன்று அடி மெட்டுக்கு விட்டுவிடுங்கள். மெட்டு நகரும்போது ஓட்டமும் நகர்ந்தால் கேட்பவருக்கு இரண்டும் தெரியாது.

பெடலைப் பார் தோறும் மாற்றுங்கள். இரண்டு பாருக்கு ஒரே பெடல் பிடித்தால் முதல் பாரின் க-வும் அடுத்த பாரின் ரி-யும் அரைஸ்வர இடைவெளியில் உரசும். கீபோர்டில் ஆட்டோ ஸ்டைலை அணைத்துவிடுங்கள். பாஸ் இல்லாத இரண்டு ஸ்வரத்தை அது வேறு கார்டாகப் படித்து, தன் இஷ்டத்துக்கு ஒரு பாஸைப் போடும். டிரான்ஸ்போஸ் பட்டனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆட்டம் லீவ்ஸ் ஈ மைனரிலும், அதாவது 3 கட்டையிலும், அச்சாகிக் கிடைக்கிறது. அதை அப்படியே பழகிவிட்டு மூன்று படி ஏற்றி வைத்தால், ஜி மைனரில் பழகிய ஹாண்டெலும் சேர்ந்து மூன்று படி ஏறிவிடும். இரண்டையும் 5 கட்டையிலேயே கற்றுக்கொள்வது நல்லது.

தம்புரா பெட்டி வேண்டாம். சொன்னால் நம்மவர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் வேண்டாம். ச-வும் ப-வும் கீழே நின்றுகொண்டிருந்தால் முதல் ஐந்து பாரிலும் சமாளித்துவிடலாம். ஆறாம் பாரில் காகலி நி வரும்போது நிற்கும் ச அதைக் கடித்துக் குதறும். அதைவிட முக்கியம், பாஸ் நகர்வதுதான் இங்கே கதை. நகராத ஒன்று அடியில் இருந்தால் கதை கேட்காது.

அந்தக் காகலி நி-யைப் பற்றி: இரண்டாம் பாரில் கைசிகி (காகலியைவிட அரைஸ்வரம் தாழ்ந்த நி), ஆறாம் பாரில் காகலி. நடபைரவி ஒரு பாருக்கு, காகலி நி உள்ள கீரவாணி ராகத்தின் வேஷம் போடுகிறது. பாஷாங்க ராகத்தில் அந்நிய ஸ்வரம் குறிப்பிட்ட பிடியில் மட்டும் வருவது போல, இதுவும் ப கார்டில் மட்டும். இரண்டாம் பாரில் காகலி பட்டால் அந்தக் கார்டே உடைந்துவிடும்.

கமகம் எங்கே போடலாம்? மூன்று அடி எடுப்பில், கொஞ்சம். நீள ஸ்வரத்தில் கூடாது. அது கார்டின் மூன்றாவது ஸ்வரம், மைனரா மேஜரா என்று சொல்கிறதே அதுதான். அதை அசைத்தால் கார்டு தன் பெயரை மறந்துவிடும். தவிர, பல கீபோர்டுகளில் பிட்ச் பெண்ட் சக்கரம் இடது கையையும் சேர்த்தே வளைக்கும்.

இத்தனையும் பாட்டின் முதல் 16 பாருக்குத்தான். அடுத்த எட்டில் வரிசை தலைகீழாகத் தொடங்குகிறது: முதலில் ரி ப ச, பிறகு ம நி க த. ஹாண்டெலின் வாலை முதலில் ஒட்டி, தலையைப் பின்னால் ஒட்டினால் பொருந்தும். கடைசி எட்டில் கார்டுகள் அரைஸ்வரப் படிகளில் இறங்கும், ஹாண்டெலுக்கு அங்கே வேலையில்லை. அந்த எட்டுப் பாரும் கோஸ்மாவுக்கே. திணிக்காதீர்கள்.

மேடையில் இந்த வரிசை நன்றாக நிற்கும்: ஹாண்டெல் தனியாக 72-இல் இரண்டு சுற்று, நேராக. இரண்டாம் சுற்றின் கடைசி ச-வில் நின்று, அதன் மேலேயே ச ரி க எடுப்பு, 144-இல் முழுப் பாட்டு. அடுத்த முறை முதல் 16 பாரில் ஓட்டங்களைக் கலப்பது. முதல் தடவையிலேயே கலந்தால் எது எந்தப் பாட்டு என்று கேட்பவர் பிரித்தறிய வழியே இல்லை. நீனா சிமோன் 'லிட்டில் கேர்ள் ப்ளூ' பாடும்போது பியானோவில் ஒரு பழைய கிறிஸ்துமஸ் கீதத்தை ஓடவிடுவார். அந்தக் கீதம் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அது உடனே வேலை செய்கிறது. தஞ்சையிலோ வேளாங்கண்ணியிலோ தேவாலயத்தில் வாசிப்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் சபைக்கு ஹாண்டெலை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும், கீதங்களை அல்ல.

நாகஸ்வரத்தைச் சேர்க்க முடியுமா? முடியும், அதுவும் சுகமாக. பாரி (நீள வகை) நாகஸ்வரத்தின் சுருதி 2 கட்டை என்றால் அதன் மத்யமம் 5 கட்டை, நம்முடைய ச. மத்யம சுருதியில் வாசிக்கச் சொன்னால் போதும். ஒரு வேடிக்கை: நம் நடபைரவி ஸ்வரங்கள் நாகஸ்வரக்காரர் விரலில் தோடியாக விழும். தோடியின் மத்யமத்தை ஸட்ஜமாக்கினால் நடபைரவிதான், கிரக பேதம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுப் பழகிய ஊரில் இதற்குத் தனி ஒத்திகை வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆபத்தும் அங்கேதான். தோடி விரலுக்கு வந்ததும் காந்தாரம் தானாக அசையும். நாகஸ்வரக்காரரின் காந்தாரம் நம்முடைய நி. இரண்டாம் பாரில் அது அசையாமல் நிற்க வேண்டும், ஆறாம் பாரில் சாதாரண காந்தாரத்தை விட்டு அரைஸ்வரம் ஏறிய அந்தர காந்தாரம் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு இடத்தையும் கையால் காட்டிக் கொடுங்கள்.

சுருதி 2-க்கும் இரண்டரைக்கும் நடுவில் நின்றால் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை நகர்த்துங்கள், நாகஸ்வரம் நகராது. பத்து நிமிஷம் வாசித்துச் சூடான பிறகு சேருங்கள். குளிர்ந்திருக்கும்போது சேர்த்த சுருதி பிறகு ஏறிவிடும். முடிவுக் கார்டில் ஜாஸ்காரர்கள் விரும்பிச் சேர்க்கும் ஆறாவது ஸ்வரம், சதுச்ருதி தைவதம், வேண்டாம். நாகஸ்வரக்காரர் கையில் அது தோடிக்கு அந்நியமான ரிஷபம். ச க ப மூன்றோடு நிறுத்தி, நாகஸ்வரம் ச-வில் வந்து நின்ற பிறகு பெடலை விடுங்கள்.