கடையைப் பூட்டித் திறந்தால் அறுந்துபோகும் இணைப்பு

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு நாங்கள் செய்துகொடுத்த பில்லிங் மென்பொருளில் மூன்று மாதமாக ஒரு கோளாறு. டேட்டாபேஸ் இணைப்பு அறுகிறது என்பது லாக்கை, அதாவது செயலி எழுதிவைக்கும் பதிவை, பார்த்தாலே தெரிந்தது, ஏன் அறுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. போன கிழமைதான் கண்டுபிடித்தோம். இதே மாதிரி யாராவது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அமைப்பு சின்னதுதான். சிங்கப்பூரில் ஒரு கிளவுட் சேர்வரில் பைதான் செயலி ஓடுகிறது, எஸ்க்யூஎல்அல்கெமி என்ற பைதான் நூலகத்தின் வழியாகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசுகிறது. டேட்டாபேஸ் வேறொரு நெட்வொர்க்கில் இருப்பதால் நடுவில் நாங்களே வைத்த ஒரு லினக்ஸ் நாட் (NAT) சேர்வர் இருக்கிறது, முகவரியை மாற்றி ஒரு நெட்வொர்க்கிலிருந்து மற்றதுக்குப் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கடத்திவிடுவது அதன் வேலை. இந்த நடுப்பெட்டி ஒருநாளும் பிழை காட்டியதில்லை, அதனால் யாரும் அதை நினைக்கவே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது சுமையை. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளுக்கு இடம் வைத்திருக்கும், அது நிரம்பிவிடுகிறதோ என்று பார்த்தால் எண்ணிக்கை 20ஐத் தாண்டவில்லை. டேட்டாபேஸுக்கு மெமரி கூட்டினோம், மாதக் கட்டணம் கூடியது, கோளாறு அசையவில்லை. லாக்கில் பிழை விழுந்த நிமிடத்தை எடுத்து அதே நிமிடத்தின் சுமை வரைபடங்களை எத்தனை தடவை பார்த்திருப்போம், எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது.

கடைசியில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிக் கடைக்கே போனேன். கடை முதலாளி ஹாஜியார் பிளேன்டி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சனம் நிறைஞ்சு நிக்கிற நேரம் இது ஒரு கரைச்சலும் தாறல்ல. கடையைப் பூட்டிட்டு வந்து திறந்தாத்தான் கரைச்சல்."

காசாளர் நானா இன்னும் விவரமாகச் சொன்னார். காலையில் முதல் பில் உடனே பிழை காட்டும், திரும்ப அமுக்கினால் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை 12.15க்குப் பூட்டி ஜும்ஆ முடிந்து 1.30க்குத் திறந்தால் மட்டும் வேறு மாதிரி: சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், ஒரு நிமிடத்தில் 504, அதாவது நேரத்துக்குப் பதில் வரவில்லை என்ற பிழை, வரும், நாலைந்து தடவை அமுக்கினால்தான் விடும். ஒரே பில் இரண்டு தடவை பதிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கொப்பியில் கையால் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது. மூன்று மாதமாக விடை அந்தக் கடையில் இருந்திருக்கிறது, நாங்கள் அலுவலகத்தில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, காலைக்கு ஒரு மாதிரி, வெள்ளிக்கு ஒரு மாதிரி ஏன்? இரண்டு கோளாறு என்றுதான் எங்கள் குழுவில் பலரும் சொன்னார்கள். ஒன்றுதான்.

நாட் சேர்வர் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் கான்ட்ராக் என்ற அட்டவணையில் குறித்து வைக்கும். லினக்ஸில் அந்தக் குறிப்பு சும்மா கிடந்தாலும் 432,000 விநாடி, அதாவது 5 நாள், இருக்கும். எங்கள் சேர்வரில் அது 300 விநாடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. முன்பொரு தடவை அட்டவணை நிரம்பிப் பாக்கெட்டுகள் விழுந்தபோது யாரோ அவசரத்துக்குச் செய்த திருத்தம், அப்புறம் அப்படியே விட்டுவிட்டோம். கூடவே ஒரு ஃபயர்வால் விதியும் இருந்தது: குறிப்பில் இல்லாத இணைப்பு புதிதாக எஸ்ஒய்என் என்ற தொடக்கப் பாக்கெட்டோடு தொடங்கினால் விடு, மற்றதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடு. ஆகவே 5 நிமிடம் யாரும் பில் போடாவிட்டால் நடுவில் வழி அடைபட்டுவிடும், ஆனால் செயலிக்கும் தெரியாது, டேட்டாபேஸுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை நடப்பது இது. 75 நிமிடம் சும்மா கிடந்த இணைப்பில் செயலி கேள்வியை அனுப்புகிறது, பதில் வரவில்லை, லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. வழக்கமான அமைப்பில் அது கைவிடக் குறைந்தது 924.6 விநாடி ஆகும். செயலிக்கு முன்னால் நிற்கும் வெப் சேர்வரான என்ஜின்எக்ஸ் 60 விநாடியில் பொறுமை இழந்து 504 காட்டிவிடும், ஆனால் லாக்கில் பிழை விழுவதோ 15 நிமிடத்துக்கு மேல் கழித்து. 1.31க்கு அமுக்கியதன் பிழை 1.46க்கு மேல்தான் லாக்கில் விழும். நாங்கள் மூன்று மாதமும் தவறான நிமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்! செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பான பூலில் 5 இணைப்பு, ஐந்தும் செத்தவை, ஐந்திலும் ஆள் மாட்டினால் ஆறாவது புதிதாகத் திறக்கும், அதுதான் நாலைந்து தடவை அமுக்கினால் விடுவதன் காரணம். கேள்வி டேட்டாபேஸைப் போய்ச் சேரவே இல்லை என்பதால் பில் இரட்டிக்கவும் இல்லை, கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து நானாவிடம் அதை முதலில் சொன்னேன்.

காலையில் வேறு கதை. லினக்ஸ் 7,200 விநாடி சும்மா இருந்த இணைப்பைக் கீப்அலைவ் பாக்கெட் அனுப்பித் தட்டிப் பார்க்கும், 75 விநாடிக்கு ஒன்றாக 9 தடவை. பதில் இல்லையென்றால் 2 மணி 11 நிமிடத்தில் இணைப்பு செத்ததாக முடிவுசெய்துவிடும். இரவு முழுக்கக் கிடந்தது என்பதால் காலையில் பிழை உடனே வருகிறது. அந்த ஒரு பிழையைக் கண்டதும் எஸ்க்யூஎல்அல்கெமி பூலில் உள்ள பழைய இணைப்புகள் எல்லாவற்றையும் கழித்துவிடும், அதனால் இரண்டாவது தடவை சரி.

நிரூபிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு இணைப்பைத் திறந்து 4 நிமிடம் விட்டுக் கேட்டால் பதில் வந்தது, 6 நிமிடம் விட்டால் தொங்கியது. இரண்டு பக்கமும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டோம்: செயலிப் பக்கம் அதே பாக்கெட் மறுபடி மறுபடி புறப்படுகிறது, டேட்டாபேஸ் பக்கம் ஒன்றுமே வரவில்லை.

திருத்தத்தில் ஒரு இடத்தில் வழுக்கினோம், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இணையத்தில் எங்கே கேட்டாலும் பூல்_ப்ரீ_பிங்கைப் போடு என்பார்கள். இணைப்பை எடுக்குமுன் ஒரு சின்னக் கேள்வி கேட்டு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. காலைப் பிழை அதோடு நின்றது, வெள்ளிக்கிழமை நிற்கவில்லை, ஏனென்றால் அந்தச் சின்னக் கேள்வியே அடைபட்ட வழியில் போய் 15 நிமிடம் தொங்கியது. போஸ்ட்கிரெஸ் 12 பதிப்பிலிருந்து டிசிபி_யூசர்_டைம்அவுட் என்ற ஒன்றை, அதாவது பதில் வராத இணைப்பை எவ்வளவு நேரத்தில் கைவிடுவது என்பதை, இணைப்பிலேயே கொடுக்கலாம், அதை 20,000 மில்லி விநாடி என்று வைத்த பிறகுதான் ப்ரீ_பிங் பிரயோசனப்பட்டது. அதைவிட முக்கியம் வழி அடைபடாமல் பார்ப்பது. கீப்அலைவை 60 விநாடிக்கு இறக்கினோம், நாட் சேர்வரில் அட்டவணையின் அளவைப் பெரிதாக்கிவிட்டு 300ஐ 3,600 ஆக்கினோம்.

சொந்த நாட் இல்லை, நமக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். அமேசானின் நாட் கேட்வே 350 விநாடி சும்மா இருந்த இணைப்பை விட்டுவிடும், அசூர் லோட் பேலன்சர் நீங்கள் மாற்றாவிட்டால் 4 நிமிடத்தில், கூகுள் கிளவுடின் ஃபயர்வால் 10 நிமிடத்தில். உங்கள் கீப்அலைவ் அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை 1.30க்கு நானும் கடையில் நின்றேன். நானா முதல் பில்லை அமுக்கினார், பிரிண்டரில் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த ஆளின் சீனி மூட்டையை எண்ணத் தொடங்கிவிட்டார். பின்னேரம் ஹாஜியாரின் மகன் அழைத்து, மாத முடிவு ரிப்போர்ட் முழு மாதத்துக்கும் ஒரேயடியாக வந்துவிட்டதே, என்ன செய்தீர்கள் அண்ணா என்று கேட்டார். அது பின்னணியில் 7 நிமிடம் ஓடும் கேள்வி, பதில் தயாராகும்வரை இணைப்பு சும்மா கிடக்கும், 5 நிமிடத்தில் வழி அடைபட்டுவிடும். இவ்வளவு நாளும் முடிவே வராமல் நின்றதால் பாதி மாதம் பாதி மாதமாக எடுத்திருக்கிறார்கள், அதை எங்களிடம் சொல்லவும் இல்லை.