28 பவுண்

கார் காப்புறுதியோடு சேர்த்து எடுக்கிற, சட்டச்செலவைத் தாங்குகிற லீகல் கவரைப் பற்றிய கதை இது. 2022 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை, விடிய ஆறே கால். லண்டன் ஹீத்ரோப் பக்கத்தில் ஒரு சரக்கு வெயார்ஹவுசில் இரவு வேலை முடித்து ஹரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு இன்னும் ஐந்து நிமிசம்தான் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. ரவுண்டபௌட்டில் வலது லேனைப் பிடித்து மூன்றாவது எக்சிட்டுக்குத் திரும்புகிறேன். இடது லேனில் வந்த கார் நேரே போய் இரண்டாவது எக்சிட்டில் வெளியேறியிருக்க வேணும். வெளியேறாமல் என்னோடு சேர்ந்து சுற்றி வந்து, என் இடது பக்க முன்கதவில் இடித்தது.

ஓட்டி வந்த அம்மா இறங்கி வந்து இரண்டு தரம் சொறி சொன்னா. பெயர், விலாசம், கார் நம்பர், காப்புறுதி விபரம் எல்லாம் மாற்றிக்கொண்டோம். எனக்குப் பெரிதாய் ஒன்றும் தெரியவில்லை. நித்திரைதான் வந்தது. அடுத்த நாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"ஃபுல் கொம்பிரகென்சிவ் இருக்குத்தானே, ஏன் யோசிக்கிறீங்கள்" என்றா மனுசி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஃபுல் என்ற சொல் மனுசரை நல்லாய் ஏமாற்றும். காப்புறுதிக் கம்பனி கதவைத் திருத்தித் தரும், சரி. ஆனால் முதல் 400 பவுண் எக்செஸ் என் பொக்கற்றிலிருந்து. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் அவர்களுக்குச் சம்பந்தம் இல்லாத விசயம். எங்கள் வேலை மணித்தியாலக் கணக்கு. போனால் காசு, போகாவிட்டால் எஸ்.எஸ்.பி. என்கிற, சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவு மட்டும். அந்த வருசம் அது கிழமைக்கு 99 பவுண் 35 பென்ஸ், அதுவும் முதல் மூன்று நாளுக்கு ஒரு சதமும் இல்லை. பெட்டி தூக்குகிற வேலைக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போக ஏலுமா? மூன்று கிழமை வீட்டில் இருந்தேன்.

மூன்றாம் நாள் கம்பனியிலிருந்து ஒரு பொடியன் ஃபோன் எடுத்தான். நல்ல மரியாதையான குரல். எதிர்த்தரப்பு வேறு கதை சொல்கிறதாம்: நான்தான் லேன் மாறி அவவின் காருக்குக் குறுக்கே விழுந்தேனாம். சாட்சி இல்லை, காரில் கமெராவும் இல்லை, ஆகவே 50-50, பிழை ஆளுக்குப் பாதி என்று முடிக்கிற சாத்தியம் இருக்கிறது என்றான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கத்தினேன். அவன் பொறுமையாக, காப்புறுதிப் பொலிசிப்படி என்னைக் கேட்காமலேயே அவர்கள் முடிக்கலாம் என்றான். பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். அவர்களுக்கு அது இரண்டு கம்பனிக்கு இடையிலான ஒரு கணக்கு. எனக்கோ நட்டம்: எக்செசில் பாதி, சம்பளத்தில் பாதி, பிழை விடாதவன் என்ற பெயரில் முழுசு.

அப்போதுதான் அந்தப் பொடியன் கேட்டான்: "உங்களிடம் லீகல் கவர் இருக்கிறதே, அவர்களோடு கதைத்தீர்களா?"

எனக்கே தெரியாது. அந்த வருசம் பொலிசியைப் புதுப்பித்தது அக்காவின் மகன். லப்டொப்பில் இருந்து என்னென்னவோ கிளிக் பண்ணினான். அதற்கு முந்தின இரண்டு வருசமும் நானே செய்தபோது "மோட்டர் லீகல் புரொடக்சன், 28 பவுண்" என்ற பெட்டியைக் கண்டு, இது பிடுங்கித் தின்கிற வேலை என்று விட்டிருந்தேன். மருமகன் விடவில்லை. ஏனடா எடுத்தாய் என்று கேட்டால், "நீங்கள் யாரோடயும் சண்டை பிடிக்கிற ஆள் மாமா, அதுதான்" என்றான்.

நாலாம் நாள் அந்த லீகல் கவர் மூலம் ஒரு சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினா. அவ கேட்ட முதல் கேள்வி என் கழுத்தைப் பற்றி இல்லை. "உங்களுக்குப் பின்னால் என்ன வாகனம் வந்தது?" யோசித்தேன். ஒரு பஸ். எந்தப் பஸ்? மகள் பள்ளிக்கூடம் போகிற அதே நம்பர் என்றபடியால் நினைவிருந்தது. லண்டன் பஸ்களில் கமெரா இருக்கிறது, ஆனால் பதிவைக் கனநாள் வைத்திருக்க மாட்டார்கள், இன்றைக்கே கடிதம் போடவேணும் என்றா. போட்டா. நானாக இருந்திருந்தால் பஸ் ஞாபகமே வந்திராது. வந்திருந்தாலும் யாருக்கு எழுதுவது?

அந்தப் பதிவு வரும்வரை அவவும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அதையும் சொல்லவேணும். வெல்லுகிற வாய்ப்பு பாதிக்கு மேலே இருந்தால்தான் காப்புறுதி சட்டச்செலவைத் தாங்கும். என் சொல்லுக்கு எதிராக இடித்த அம்மாவின் சொல் என்றே நின்றால் ஃபைலை மூடவேண்டி வரலாம் என்று வெளிப்படையாகவே சொன்னா. ஒரு லட்சம் பவுண் வரை கவர் என்று பத்திரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்.

இடையில் நண்பன் ஒருவன், தனக்குத் தெரிந்த தமிழ்ச் சட்டத்தரணியிடம் போகச் சொன்னான். லீகல் கவர்காரரைக் கேட்டுப் பார்த்தேன். அவர்களுடைய பட்டியலில் இருக்கிற அலுவலகத்தைத்தான் தருவார்களாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிற கட்டம் வந்தால் என் விருப்பப்படி ஆளைத் தெரிவு செய்யலாம், 1990ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே அந்த உரிமை இருக்கிறது என்றார்கள். அதுவரை இவதான். தமிழில் கதைத்திருந்தால் லேசாக இருந்திருக்கும். இங்கிலிசில் கோபப்பட எனக்கு வராது.

அந்த நண்பன் சும்மா சொல்லவில்லை, அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது: "வென்றால்தானே காசு, அப்படி வேலை செய்கிற சட்டத்தரணிகள் நிறைய இருக்கினம்." இருக்கினம், ஆனால் என்னைப் போன்ற சின்னக் கேசுக்கு இல்லை. 2021 மே 31இல் இருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் விதி மாறிவிட்டது. காரில் இருந்தவரின் காயத்துக்கான நட்டஈடு 5,000 பவுணைத் தாண்டாவிட்டால் அது ஸ்மோல் கிளெய்ம்ஸ், அதாவது சின்னத் தொகை வழக்கு. முந்தி அந்த எல்லை 1,000. ஸ்மோல் கிளெய்ம்சில் வென்றாலும் சட்டத்தரணியின் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியாது. கழுத்து நோவுக்கோ விலைப்பட்டியலே இருக்கிறது: மூன்று மாதத்துக்குள் மாறினால் அப்போது 240 பவுண். 240 பவுணில் பங்கு கேட்டு எந்த அலுவலகம் வேலை செய்யும்? நீங்களே ஒன்லைனில் படிவம் நிரப்பலாம் என்று ஒரு தளம் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு திறந்து பார்த்தேன். பொறுப்பு மறுக்கப்பட்டால் அடுத்தது என்ன என்ற இடத்துக்கு வந்ததும் மூடிவிட்டேன்.

எங்கள் மாமா ஒருவருக்கு தொண்ணூறுகளில் லீகல் எய்டில், அதாவது அரசாங்கச் செலவில், விபத்து வழக்கு நடந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தது. இப்படியான வழக்குகளுக்கு அது 2000த்தோடு போய்விட்டது. இன்னும் கன சனம் அது இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

பஸ் பதிவு ஜனவரியில் வந்தது. எனக்கு அனுப்பவில்லை, ஃபோனில்தான் சொன்னா: "தெளிவாக இருக்கிறது. நீங்கள் உங்கள் லேனிலேயே இருக்கிறீர்கள்." குசினியில் நின்று கேட்டேன். மனுசிக்குச் சொல்ல வாய் வரவில்லை, பெருவிரலைக் காட்டினேன். மார்ச்சில் எதிர்த்தரப்புக் கம்பனி முழுப் பொறுப்பையும் ஏற்றது. நீதிமன்ற வாசல் மிதிக்கவில்லை.

கணக்கு இது. எக்செஸ் 400. எஸ்.எஸ்.பி. கழித்துப் போன சம்பளம் 1,100. கார் கராஜில் நின்ற நாட்களில் டக்சியும் பஸ்சும் 186, ரசீதுகளை மனுசி ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருந்தா. மகனின் கார் சீட் 160, ஒருக்கால் இடிபட்ட காரில் இருந்த சீட்டைத் திரும்பப் பாவிக்கக் கூடாது என்று அதைச் செய்த கம்பனியின் கையேட்டிலேயே இருந்தது. இவ்வளவும் 1,846. அதோடு பத்துக் கிழமைக் கழுத்து நோவுக்கு 240. அதற்கும் மருத்துவர் அறிக்கை வேணும், அது இல்லாமல் காசு பேசுவதே சட்டப்படி தடை. மருத்துவர் என்னைப் பார்த்தது பத்து நிமிசம் இருக்கும்.

இடிபட்ட கிழமையில் இன்னொரு ஃபோனும் வந்தது. யாரென்று தெரியாது, என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றும் தெரியாது. "ஒரு சதமும் இல்லாமல்" புதுக் கார் வாடகைக்குத் தருகிறேன் என்றார். லீகல் கவரோடு வந்த உதவி நம்பருக்கு அடித்துக் கேட்டேன். அந்த வாடகை கடனாகத்தான் எழுதப்படும், எதிர்த்தரப்பு கட்ட மறுத்தால் கையெழுத்து வைத்தவர் தலையில் விழலாம் என்றார்கள். 50-50 என்று இழுபறியில் இருந்த நேரம் அது. பஸ்சிலேயே போனேன்.

வாகனம் ஓடாதவர்களுக்கும், காருக்கான கவரை வேறு எங்காவது ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் நான் இந்த லீகல் கவரை வாங்கச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக் காப்புறுதியிலும் லீகல் கவர் என்று ஒன்று இருந்தது, ஆசையோடு திறந்து பார்த்தால் நான் ஓட்டுகிற வாகனத்தை அது சேர்க்கவில்லை. மாதச் சம்பளமும் முழு மெடிக்கல் லீவும் உள்ளவருக்கு 28 பவுண் வேறு கணக்கு. மணித்தியாலச் சம்பளக்காரர் பத்திரத்தை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தரணி அலுவலகப் பெண்ணை நான் நேரில் கண்டதில்லை. ஃபைல் மூடிய அன்று நன்றி சொல்ல எடுத்தேன், லீவில் போயிருந்தா.

அடுத்த புதுப்பித்தலில் பெட்டியை நானே கிளிக் பண்ணினேன், 31 பவுணாக ஏறியிருந்தது. முழுப் பொலிசியும் 74 பவுண் ஏறியிருந்தது. பிழை என்னுடையது இல்லையே என்று ஃபோன் எடுத்துக் கேட்டேன். பிழை யாருடையதாக இருந்தாலும் இடிபட்டவர் திரும்ப இடிபடுகிற சாத்தியம் கூட என்றார் மறுமுனையில் இருந்தவர். அந்த 74 பவுணுக்கு லீகல் கவரில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.