முதல் பட்ஜெட்காரரைத் தேடி ஒரு பாரிமுனை நடை

பீச் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் பாரிமுனைக்கு 150 ரூபாய் கேட்கிறார்கள். தராதீர்கள்! ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால் கால் மணி நேரம்தான். மெட்ரோவில் வருபவர்களுக்கு அதுவும் மிச்சம், உயர் நீதிமன்றம் நிலையத்திலேயே இறங்கிவிடலாம்.

தேடிப் போனது ஆர். கே. சண்முகம் செட்டியாரை. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர், கோவைக்காரர். செட்டியார் என்றதும் நாட்டுக்கோட்டை நகரத்தார் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தவறு.

அவர் படித்த கிறித்துவக் கல்லூரியைப் பார்க்கத் தாம்பரம் போனால் ஏமாற்றம்தான். கல்லூரி அங்கே மாறியது 1937இல். 1892இல் பிறந்தவர் படித்த காலத்தில் அது இங்கே எஸ்பிளனேடில் இருந்தது. அந்த நாளின் அடையாளமாக ஆண்டர்சன் சர்ச் நிற்கிறது. அருகிலேயே அவர் சட்டம் படித்த கல்லூரி. ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்த இரட்டைக் கோபுரக் கட்டடத்தைச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள், என்ன கம்பீரம்! வகுப்புகள் 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டன. சண்முகம் செட்டியார் பெயரில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. இது பெரிய குறை, மாநகராட்சி கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் சாதாரண வாழ்க்கை அல்ல அது. 1920 தேர்தலில் வென்று சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு வந்தார். பிறகு டெல்லி மத்திய சட்டசபை, அங்கே சபைத் தலைவர் பதவி. 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். 1944இல், உலக வங்கிக்கும் ஐ.எம்.எஃப்புக்கும் அடித்தளம் போட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் ஒருவர். நீதிக்கட்சிக்காரர், காங்கிரஸை எதிர்த்தவர். அவரைத்தான் நேரு அமைச்சரவையில் சேர்த்தார்கள்.

1947 நவம்பர் 26 அன்று அவர் வைத்த பட்ஜெட் ஏழரை மாதத்துக்கு மட்டும். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கே 92.74 கோடி. பிரிவினை, அகதிகள், உணவுத் தட்டுப்பாடு எல்லாம் கழுத்தை நெரித்த நேரம். துண்டு விழுந்த 26.24 கோடியில் கொஞ்சத்தையாவது ஈடுகட்டப் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி போட்டார். மில் ஊரிலிருந்து வந்தவர் துணிக்கே வரி போட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் வருமான வரி விசாரணைக்குப் போக வேண்டிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் விடுபட்ட விவகாரத்தில், 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஜான் மத்தாய் வந்தார்.

எஸ்பிளனேடிலேயே தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழிசை இயக்கத்தில் சண்முகம் செட்டியார் முன்னணியில் நின்றவர் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. மார்கழியில் போனால் கச்சேரியும் கேட்கலாம். அப்படியே புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போவதாக இருந்தால், அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு.

பசிக்கு பர்மா பஜார் பக்கம் அத்தோ. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பர்மா வடை), புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். மிளகாய்த்தூளை மட்டும் முதலிலேயே குறைக்கச் சொல்லுங்கள், பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சாலையோர வண்டிகள் மாலையில்தான் களைகட்டும். அதனால் நடையை மூன்று மணிக்கு மேல் தொடங்குங்கள். தாம்பரம் பக்கம் திரும்புபவர்களுக்கு மின்சார ரயில் டிக்கெட் 10 ரூபாய்தான்.