கிழக்குப் பார்த்த வாசலும் தண்ணீர் நிற்கும் மனையும்

அமெரிக்காவில், டெக்சஸின் ஹூஸ்டனா, டாலஸா, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டா என்று வீடு தேடும்போது நம்மவர்கள் முதலில் பார்ப்பது பள்ளிக்கூடம், அடுத்தது வாசல் திசை. 'எந்த ஊர் பத்திரம்?' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. நிலநடுக்கத்துக்கு வீட்டைப் பலப்படுத்தலாம். வெள்ளத்துக்கு மனையைத்தான் மாற்ற வேண்டும்.

ஹூஸ்டன் பக்கம் கேட்டி, பேர்லாண்ட் போன்ற ஊர்களில் வீடென்றால், முகவரியை ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 'ஏஇ' மண்டலம் என்றால் ஆண்டுக்கு 1% வாய்ப்புள்ள வெள்ளம் ஏறும் இடம். '100 ஆண்டு வெள்ளம்' என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு. 'எக்ஸ்' மண்டலம் என்றால் கடனுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை, அவ்வளவுதான். 2017 ஹார்வி மழையில் அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களுக்குப் பின்னால் மூழ்கிய பல வீடுகள் வரைபடத்தின் 100 ஆண்டு எல்லைக்கு வெளியேதான் இருந்தன. அணை நிரம்பினால் தண்ணீர் தேங்கும் பரப்பில், அரசு வாங்காமல் விட்ட நிலத்தில், மனை போட்டு விற்றிருந்தார்கள். 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் விற்பவர், மனை இப்படித் தண்ணீர் தேங்கும் பரப்பில் இருக்கிறதா என்பதையும் பழைய வெள்ளத்தையும் எழுதித் தர வேண்டும். புது வீட்டுக்கு அந்தப் படிவம் கிடையாது. பில்டரிடம் நீங்களேதான் கேட்க வேண்டும்.

பழைய வீடென்றால் கராஜுக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். நாலடி உயரத்தில் நீளமாக ஓர் ஒட்டுக்கோடு, அதற்குக் கீழே மட்டும் புது டிரைவால் (சுவர்ப் பலகை) என்றால், நனைந்ததை வெட்டி எடுத்திருக்கலாம்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், தனியாகக் கேட்டு எடுத்தால் சாமான்களுக்கு 1,00,000. வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகு ஓடிப் பயனில்லை.

ஃப்ரீமான்ட் ஊருக்குள்ளேயே நிலநடுக்கம் தரும் ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. 1868-ல் அது பெரிதாக ஆடியது. விற்பவர் தரும் இயற்கை இடர் அறிக்கையில் பிளவு மண்டலம், மண் குழம்பும் மண்டலம் (குலுக்கலில் ஈரமண் சேறாக இளகும் இடம்) இரண்டையும் தேடுங்கள். 1980-க்கு முந்தைய வீடென்றால் அடியில் தவழ்ந்து போய், மரச்சட்டத்தைக் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறதா என்று இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட் இல்லாத வீடு குலுக்கலில் அடித்தளத்தை விட்டே நழுவும். வாட்டர் ஹீட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் சுவரோடு இரண்டு பட்டை வேண்டும். சாய்ந்தால் கேஸ் குழாய் பிய்ந்து தீப்பிடிக்கும். நிலநடுக்கக் காப்பீடு தனி. 8,00,000 டாலருக்கு எடுத்து, டிடக்டிபிள் (காப்பீடு தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) 15% என்றால், முதல் 1,20,000 உங்கள் பாடு.

டாலஸில் தொல்லை ஆலங்கட்டி. கூரையின் வயதைக் கேளுங்கள். பாலிசி புதுக் கூரையின் முழு விலையைத் தருமா, தேய்மானம் கழித்தா என்றும் பாருங்கள். காற்று-ஆலங்கட்டி டிடக்டிபிள் 2% என்றால், 5,00,000 டாலர் வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் 10,000 போகும்.