வளவில் விட்ட ஆமை

காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருப்பவருக்கு மாடும் ஆடும்தான் அன்றாடம். மஞ்சுவிரட்டு நெருங்கினால் புலிக்குளம் காளைகள், மழை பிடித்தால் ஆடுகளுக்குக் கழிச்சல். இப்போதெல்லாம் கத்திரி வெயில் தொடங்கினால் ஆமைக்கும் போன் வருகிறது.

வருவது பெரும்பாலும் சல்காட்டா ஆமை. சஹாராவின் தெற்கு விளிம்புதான் அதன் சொந்த ஊர். சென்னையில் பேரப்பிள்ளைகள் உள்ளங்கை அளவில் வாங்குகிறார்கள். அது 40, 50 கிலோ வரை வளரும் என்று கடையில் யார் சொல்கிறார்கள்? ஃபிளாட்டில் இடம் போதாமல் போனதும் ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே பெரிய வீடு சும்மாதானே கிடக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறதே என்று கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று முகம் சுளிக்கிற ஆச்சிமார்தான் கொஞ்ச நாளில் செம்பருத்தி பறித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“பாலைவனத்து ஆமைதானே டாக்டர் தம்பி, நம்ம ஊர் வெயில் அதை என்ன செய்யும்?” என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். பாலைவனத்தில் அது உச்சி வெயிலில் நின்றுகொண்டா இருக்கிறது? ஆழமாக வளை தோண்டி உள்ளே படுத்துக்கொள்ளும். காலையிலும் சாயங்காலமும்தான் மேய வரும். அதற்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை நம்மைப் போலத் தானாகக் குறைத்துக்கொள்ளவும் தெரியாது. சூடு ஏறினால் இடம் மாறுவதுதான் அதற்கு வழி. மாற இடமில்லாத வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், அதை விட்டுவிட்டு, பாலைவனத்துப் பிராணி என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நம் செட்டிநாட்டு வீடுகள் மனிதர்களுக்கு வெகு நேர்த்தியாகக் கட்டியவை. உயரமான கூரை, தடித்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த பட்டாலை. ஆனால் வானம் பார்த்த முற்றத்தில் பாவிய கல், நிழலில் 38 டிகிரி இருக்கும் நாளில் 50-ஐத் தாண்டிவிடும். நாம் செருப்போடு நாலு எட்டில் கடந்துவிடுகிறோம். ஆமைக்கு வயிறும் தரையும் விரல் இடைவெளிதான். மேலே வெயில், கீழே கல். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் மத்தியான நேரத்தில் முதலில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். என்னால் வைத்திருக்க முடியாத இடத்தில் ஆமையும் இருக்கக் கூடாது.

ஒரு மே மாதம் வந்த ஆமைக்கு வாயில் நுரை. முன்னங்காலெல்லாம் எச்சில் வழிந்து ஈரம். சூடு தாங்காமல் போகும்போது அது செய்யும் கடைசி முயற்சி அது. போதாததற்குச் சாக்கில் கட்டி, பைக்கின் முன்னால் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்தவர் கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். “அதை நீங்க குடிங்கண்ணே,” என்றேன். திடீர்க் குளிர்ச்சி அதிர்ச்சியைத் தரும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஆழமில்லாத தட்டில் சாதாரணத் தண்ணீரில் கால் நனைய விட்டோம். தலை துவண்டிருந்தால் தாடைக்கு மேல் தண்ணீர் ஏறவே கூடாது. இந்த ஆமைக்கு நீச்சல் தெரியாது. அன்று அது பிழைத்தது. எல்லாமும் பிழைப்பதில்லை, குறிப்பாக வெயிலில் மல்லாந்து கிடந்து, நிமிர்த்த ஆளில்லாமல் போனவை.

நான் சொல்லும் வைத்தியத்தில் மருந்து குறைவு, மண்வெட்டி வேலை அதிகம். வீட்டுக்குப் பின்னால், அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி, ஆமை உள்ளே போய்த் திரும்பும் அகலத்துக்குச் சரிவாக ஒரு பள்ளம். மேலே பனஞ்சட்டம் அடுக்கி, அதன் மேல் கனமாக மண். வாசல் மேற்கு பார்க்க வேண்டாம். நம் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், அதனால் முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தோண்ட வேண்டும். சாயங்காலம் சுற்றிலும் தெளித்தால் போதும். தகரம் மட்டும் போடாதீர்கள், அது அடுப்பு. தென்னங்கீற்று எவ்வளவோ மேல்.

குடிக்கத் தாழ்வான மண்சட்டி, தினமும் புதுத் தண்ணீர். கண் குழிந்திருந்தாலோ, சிறுநீரோடு வரும் வெள்ளை சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக இருந்தாலோ, உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். சூட்டுக்கு நல்லது என்று தர்ப்பூசணியை வெட்டிப் போடுகிறார்கள், வயிறு போகும். அருகம்புல், முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி இதெல்லாம் போதும். இட்லி வேண்டவே வேண்டாம், ஆச்சி.

அப்புறம் ஒரு விஷயம். முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட நம் நாட்டு ஆமை என்றால் நான் வைத்தியத்தோடு நிறுத்துவதில்லை. அதை வீட்டில் வைத்திருப்பதே வன உயிரினச் சட்டப்படி குற்றம், 2022 திருத்தத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணைக்கே போய்விட்டது. வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லிவிடுவேன். சல்காட்டாவையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்பது 2024 விதி. பதியும்போதே அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. ஒரு செட்டியார் சிரித்துக்கொண்டே, பாகப்பிரிவினையில் அதையும் சேர்த்துவிடுவோம் என்றார். நான் சிரிக்காமல், சேருங்கள் என்றேன்.