விளக்கு எரிந்தபடியே எம்.ஓ.டி. தேறிய கார்

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயமான எம்.ஓ.டி. சோதனையின் சான்றிதழ் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் எங்கள் பழைய டீசல் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. பக்கத்துக் கராஜில், "இது எரிந்தால் ஃபெயில்தான், முதலில் இ.ஜி.ஆர். வால்வை மாற்றுங்கள்" என்றார்கள். எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு அது. கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

எம்.ஓ.டி. சோதகர்களுக்கான கையேட்டை பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். எஞ்சின் விளக்கைப் பார்க்க வேண்டிய டீசல் கார்கள், 2008 ஜூலை 1 முதல் பயன்பாட்டுக்கு வந்தவை மட்டுமே. பெட்ரோலுக்கு அந்தத் தேதி 2003 ஜூலை 1. எங்கள் காரின் நம்பர் பிளேட்டில் 08 என்று இருக்கிறது. ஆனால் 2008 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதிவான எல்லாக் கார்களுக்கும் அதே எண்தான். பிளேட்டை நம்பாமல் லாக்புக்கை (பதிவுப் புத்தகத்தை) எடுத்துப் பார்த்தேன்: முதல் பதிவு ஜூன் 2008. தப்பித்தோம். நண்பரின் காரும் அதே 08தான், ஆனால் ஆகஸ்டில் பதிவானது. அவர் காரிலும் இதே விளக்கு எரிந்தது, அதனால் ஃபெயில்.

சில நகராட்சிகள் தங்கள் சோதனை நிலையங்களைப் பொதுமக்களுக்கும் திறந்துவைத்திருக்கின்றன. பழுது பார்ப்பதில்லை என்பதால் வேலை தேடிப் பிடிக்கும் ஆர்வம் அங்கே இருக்காது. அப்படி ஓர் இடத்தில் பதிவு செய்தேன். கட்டணம் எங்கே போனாலும் 54.85 பவுண்டைத் தாண்டக் கூடாது. சோதகர் சாவியைத் திருப்பி, ஏ.பி.எஸ். (பிரேக்), ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்த்தார். அவற்றுக்கு இந்த 2008 சலுகை கிடையாது. எஞ்சின் விளக்கைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு உண்மையான பயம் புகைச் சோதனையில்தான். திறந்தபடியே சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். கரும்புகையைக் கக்க வைக்கலாம். விளக்குக்குத் தரும் விலக்கு புகைக்கு இல்லை. சோதகர் ஆயில் அளவைப் பார்த்தார், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார். காரணம், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து எஞ்சினை உச்ச வேகத்துக்கு ஏற்றப் போகிறார். நைந்த பெல்ட் அங்கேயே அறுந்துபோகலாம். எங்கள் வயதுள்ள டர்போ டீசலுக்குப் புகையின் அடர்த்தி வரம்பு 3.0. 2008 ஜூலை முதல் வந்தவற்றுக்கு 1.5, 2014 முதல் வந்தவற்றுக்கு 0.7. சைலன்சர் குழாயில் மீட்டரைச் செருகி மிதித்தார். முதல் மிதியிலேயே அளவு 1.5க்குக் கீழே நின்றது. முந்தைய நாள் மோட்டார்வேயில் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கியது வீண்போகவில்லை என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் காரின் கணினியிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கோடு ரீடர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வந்த குறியீடு பி0401: இ.ஜி.ஆர். வழியாகப் போதிய வாயு ஓடவில்லை. வால்வைக் கழற்றியபோது உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கரி. சுரண்டிக் கழுவி மாட்டியதும் விளக்கு அணைந்தது. புது வால்வு தேவைப்படவில்லை. நண்பரும் அவரிடமே சரிசெய்துகொண்டு, பத்து வேலை நாட்களுக்குள் மறுசோதனைக்குப் போனார். அதற்குள் போனால் முழுக் கட்டணம் இல்லை.

எம்.ஓ.டி. தேறினாலும் லண்டனில் இந்தக் காருக்கு மதிப்பில்லை. டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும், இல்லையென்றால் அதிகம் மாசுபடுத்தும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து நகரம் முழுவதும் அதே கதை. ஈலிங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ரயிலில்தான் போய்வருகிறோம்.