எங்கள் சேரும், மழைக்குள் பதிந்த கசற்றும்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒலிப்பதிவைக் கேட்கப் பழக்கிய சேர் காலமான செய்தியோடு, அவரைப் பற்றி எழுதித் தரும்படி நினைவுமலர்க் குழுவின் கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம், ஆய்வுகூடத்தின் பின்கதவு, ஒலியளவு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டதும் தோளில் விழும் தட்டு: இவற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் பழக்கிய கேட்கும் முறையைப் பற்றியே எழுதுகிறேன். அதற்கு, அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லாத ஓர் இசைத்தட்டை எடுக்கிறேன்: கிங் கிரிம்சன் என்ற ஆங்கில ரொக் குழுவின் ‘எர்த்பௌண்ட்’.

1972 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் மேடைக் கச்சேரிகளில் பதிந்தது. றொபேட் ஃப்ரிப் கிற்றார், மெல் கொலின்ஸ் சாக்ஸஃபோன், இயன் வொலஸ் டிரம்ஸ், பொஸ் பரல் குரலும் பேஸ் கிற்றாரும். பாடகராக வந்த பொஸ்ஸுக்கு பேஸ் பழக்கியவர் ஃப்ரிப்தான். மைக்குகளின் சத்தங்களை ஒன்றாகக் கலக்கும் மேசையிலிருந்து வயர் நேரே ஓர் அம்பெக்ஸ் கசற் றெக்கோடருக்குப் போனது; மழைக்குள், வோக்ஸ்வாகன் வண்டியின் பின்பக்கத்தில் வைத்துப் பதிந்தார்கள். ஒலித்தரம் போதாதென்று அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட மறுத்தது. இங்கிலாந்தில் ஐலண்ட் நிறுவனம் ‘ஹெல்ப்’ என்ற மலிவு வரிசையில் அதே ஆண்டு ஜூனில் வெளியிட்டது.

“கூடாத பதிவு எண்டு சொல்லாதை. எங்கை கூடாமல் போச்சுது எண்டு சொல்லு” என்பார் சேர். சொல்லிப் பார்ப்போம். ஸ்டூடியோ ரேப் செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் ஓடும்; கசற் 4.76 மட்டுமே. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். அதற்குள் இரு பக்கங்களுக்கும் சேர்த்து நான்கு தடங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர். இவ்வளவு மெல்லிய தடத்தில் அளவுக்கு மேல் சத்தத்தை ஏற்றினால் நாடாவின் காந்தப்பூச்சு நிரம்பிவிடும்; அதற்கு மேல் சத்தம் பதியாது. முதலில் நிரம்புவது உயர்ந்த அதிர்வெண்கள். அதனால்தான் வொலஸின் சிம்பல் என்ற பித்தளைத் தட்டு விரிந்து ஒலிக்காமல், தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் கேட்கிறது.

இரண்டாவது காரணம் மேசை. மேடையில் தானாகவே உரத்துக் கேட்கும் வாத்தியத்தை மேசையில் குறைத்து, குரலைக் கூட்டி வைப்பார்கள். அரங்கில் இருப்பவருக்கு அது சரியான கலவை; ரேப்பில் சாய்ந்து விழும். மண்டபத்தின் எதிரொலியும் சனத்தின் சத்தமும் மேசை வயருக்குள் மெல்லிதாகவே வரும்.

ஆனால் எல்லாக் கரகரப்பும் பழுது அல்ல. 15 நிமிடம் தாண்டும் ‘க்ரூன்’ பாட்டில் டிரம் தனியாவர்த்தனம் முடிவை நெருங்கும்போது, அதை வி.சி.எஸ்.3 என்ற சிந்தசைசருக்குள், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கி மாற்றும் கருவிக்குள், விட்டுக் கடைகிறார்கள். தோல்வாத்தியம் மெல்ல மெல்ல மின்சார இரைச்சலாகிறது. அது வேண்டுமென்றே செய்தது. விரும்பிச் செய்த சிதைவையும் நாடாவின் சிதைவையும் காதால் பிரிக்கப் பழக இதைவிட நல்ல தட்டை நான் அறியேன். ஏறக்குறைய 12 நிமிட ‘ட்வென்டிஃபர்ஸ்ட் சென்சுரி ஸ்கிட்ஸொய்ட் மான்’ பாட்டில் கொலின்ஸின் சாக்ஸஃபோன் அந்த நெரிசலையும் கிழித்துக்கொண்டு வருகிறது. 2002இல் சீடியாக வந்தபோதும் சிம்பல் திரும்பவில்லை. நிரம்பிய நாடாவில் அது பதியவேயில்லை. எந்தக் கணினியும் இனி அதை மீட்காது.

பரிசளிப்பு விழாக்களைச் சேர் பதிந்த கசற்றுகளை நாங்கள் எல்லோரும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒரு பிரதி எடுக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. யாராவது ஒன்றையாவது கொண்டு வந்திருந்தால், தயவுசெய்து உடனே ஓடவிடாதீர்கள். கசற்றுக்குள் நாடாவை அழுத்தும் பஞ்சு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் நாடாவைத் திருகாணி பூட்டிய புதுக் கூட்டுக்கு மாற்றுங்கள். ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றுங்கள். றெக்கோடரில் நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டை ஐசோப்புரொப்பைல் அற்ககோலால் துடையுங்கள். இரு தடங்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டு, ‘ஸ’ ஒலி மிகத் தெளிவாகும் இடம்வரை ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கணினியில் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சலைக் கழுவ வேண்டாம். தொடக்கத்தையும் வெட்ட வேண்டாம்: நிகழ்ச்சிக்கு முன் “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று அளவு பார்க்கும் குரல் அவருடையது.